மந்திரம் மூன்றாம் முறை திரும்பினால்

லிப்ட் குழிக்குள் எதுவும் விழும். வீட்டுச் சாவி, ஒற்றைச் செருப்பு, மூக்குத்தி, ஒருமுறை முழுசாக ஒரு பல்செட். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழிகளில் இறங்கித் துடைத்து, எண்ணெய் போட்டு, ஏறி வருகிறவர் மெக்கானிக். கிடைத்ததை உரியவரிடம் சேர்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எட்டு வருடத்துக்கு முன் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் குழியில், கிரீஸ் அப்பிய பகடை ஒன்று கிடந்தது. அதற்கு ஆறு முகம் அல்ல, இருபது முகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகக் கதவு தட்டினார். ஐந்தாவது மாடியில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஆசிரியை ஒருவர், "இதுக்காகவா இத்தனை படி ஏறினீங்க?" என்று சிரித்தார். சிரித்தவர், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்து, அட்டைப்பெட்டியோடு ஆட்டத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: மந்திரவாதி, வீரன், திருடன், எதுவானாலும். "இருட்டான குகை, உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துகிறவர் கேட்பார். ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் செய்வதாகச் சொல்லலாம். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். முடிவு என்று ஒன்று கிடையாது. வருடக்கணக்கில் போகும்.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு மெக்கானிக் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் கூடினார்கள். நடத்துவது மெக்கானிக். அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ், ஆட்டத்தில் சூனியக்காரி. அவளுடைய தம்பி செல்போன் கடையில் விற்பனையாளன். ஆட்டத்தில் நெருப்பு மந்திரவாதி, கடையிலும் ஏறக்குறைய அப்படித்தான். நான்காவது ஆள் அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன். ஐம்பத்தைந்து வயது. மாடிப்படிக்கு அடியில் கட்டிலும் அடுப்புமாக ஒரே அறை. அவருக்கு வீடும் வேலையும் அதுதான். ஒரு தடவை லிப்ட் பழுதுபார்க்கும்போது டார்ச் பிடித்து நின்றவரை, "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க அண்ணே, வாங்க" என்று மெக்கானிக் கூப்பிட்டார். வந்தவர் தனக்குக் கேட்ட பாத்திரம், விளக்குக்காரன்.

"வாள், வில் ஏதாவது எடுத்துக்கோங்கண்ணே," என்றான் மைத்துனன்.

"நீங்க எல்லாரும் வெட்டுங்க. எங்க வெட்டறதுன்னு தெரிய வேணாமா? யாராவது வெளிச்சம் பிடிக்கணும்ல."

மெக்கானிக்குக்குச் சட்டம் பிடிக்கும். தொழில் அப்படி. ஒரு திருகாணி எத்தனை சுற்று என்பதற்குக்கூட அவர் தொழிலில் சட்டம் உண்டு. அந்தச் சட்டம் யாரோ செத்த பிறகுதான் எழுதப்பட்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் இந்த வீட்டு ஆட்டத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டார். சண்டை வந்தால் சட்டம் வரும். மனைவி முத்து முத்தாக எழுதுவாள், நால்வரும் கையெழுத்துப் போடுவார்கள். தரையில் விழுந்த பகடை செல்லாது. மேசையில் 'சார்' கிடையாது. இது வாட்ச்மேனுக்காகவே போட்டது. கட்டடத்தில் 'சார்' என்று எழுந்து நிற்பவர், இந்தக் கூடத்துக்குள் வந்தால் 'தம்பி' என்று கூப்பிட்டாக வேண்டும். மூன்று மணி என்றால் மூன்று மணி. நான்காவது சட்டம்: ஆட்டத்தின் நடுவில் சட்டம் மாறாது, மாற்ற வேண்டுமானால் அடுத்த வாரம், பகடை உருளும் முன், நாலு கையெழுத்தோடு.

ஏழாவது சட்டம் பிறந்த நாள் ரகளையான நாள். அக்காளும் தம்பியும் அதற்கு முந்தைய வாரம்தான் ஆட்டத்துக்குள் ஆளுக்கொரு கண்ணாடிக் கேடயம் வாங்கியிருந்தார்கள். எறிந்த மந்திரத்தை எறிந்தவன் மேலேயே திருப்பிவிடும் கேடயம். ஒரு கிரீடத்துக்காக இருவரும் முட்டிக்கொண்டார்கள். தம்பி நெருப்பை எறிந்தான்.

"என் கண்ணாடி திருப்பிடுச்சு. உனக்கே வருது," என்றாள் அக்கா.

"என்கிட்ட மட்டும் என்ன இரும்புத் தட்டா இருக்கு? திரும்ப உனக்கு."

"திரும்ப உனக்கு."

"அக்கா, நீ சின்ன வயசுலயும் இப்படித்தான். பாட்டிலை உடைச்சது நீ, முட்டி போட்டது நான்."

"உடைச்சது நீதான்டா. அம்மாகிட்ட போன் போட்டுக் கேக்கவா?"

நாற்பது நிமிடம். டீ ஆடை கட்டிவிட்டது. வாட்ச்மேன்தான் கடைசியில் கையைத் தூக்கினார். "ஏம்ப்பா, அந்த நெருப்பு பாவம். அலைஞ்சு அலைஞ்சு அதுக்கே மூச்சு வாங்குது. எங்கயாவது இறக்கி விடுங்களேன்."

மெக்கானிக் யோசித்தார். ஓடுகிற எதுவும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். லிப்ட்டுக்கு மேலே ஒரு முடிவும் கீழே ஒரு முடிவும் இல்லாமலா கட்டுகிறார்கள்? அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள்: மந்திரம் இரண்டு முறைதான் திரும்பும். மூன்றாம் முறை கண்ணாடியில் நழுவி, அங்கே நிற்பவர்களில் கேடயம் இல்லாதவர் மேல் இறங்கும்.

எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். கேடயம் இல்லாதவர் ஒருவர்தான் இருந்தார்.

"ஒரு கையில விளக்கு, ஒரு கையில எண்ணெய்ச் செம்பு. கேடயத்தை வாயிலயா கவ்விக்கிறது?" என்றார் வாட்ச்மேன். பகடை உருட்டினார். விளக்குக்காரனுக்கு இடது கை போயிற்று. மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான், வாட்ச்மேனும் சிரித்தார். செம்பை இடுப்பில் கட்டிக்கொண்டதாகத் தன் தாளில் எழுதிக்கொண்டு, நோட்டில் முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார்.

அந்தக் கட்டடத்து லிப்ட் கிழடு. மின்சாரம் போனால் நடுவில் நின்றுவிடும். ஆள் மாட்டிக்கொண்டால் வாட்ச்மேன் போன் செய்வார், மெக்கானிக் ஸ்கூட்டரில் பறப்பார். இரண்டு ஞாயிறு அடுத்தடுத்து மதியம் இப்படி ஆனது. மெக்கானிக்கும் வர முடியவில்லை, கட்டடத்தை விட்டு வாட்ச்மேனும் வர முடியவில்லை. ஆட்டம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. மூன்று மணி என்றால் மூன்று மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டு மேசைமேல் இருந்தது.

லிப்ட்டின் வெளிக்கதவைத் திறக்க முக்கோண வாயுள்ள ஒரு சாவி உண்டு. கம்பெனி அதற்கு எண் அடித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கும். மெக்கானிக்கைத் தவிர வேறு கை அதைத் தொடக் கூடாது. மெக்கானிக் ஒரு லேத் பட்டறையில் அதே போல இன்னொன்று கடைந்து வாங்கினார். எண் இல்லாத சாவி. தரைத்தளத்துக் கதவில் வைத்து, பத்து நிமிடத்தில் வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் கதவைத் திறந்து, பெட்டி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு ஆளை இறக்குங்க. கதவு தானா மூடிக்கும்."

"யாராவது கேட்டா சார்?"

"யார் கேக்கப் போறாங்க? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நீங்களும் மேசையில இருக்கணும், நானும் இருக்கணும். அவ்வளவுதான்."

தரைத்தளத்துக் கதவு தானாக மூடிக்கொள்ளும். மற்ற கதவுகளும் மூடிக்கொள்ளும். நான்காவது மாடிக் கதவின் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தது. கையால் அழுத்தி, 'டக்' என்று கேட்ட பிறகுதான் விட வேண்டும். அது மெக்கானிக்குக்குத் தெரியும். புது ஸ்பிரிங் கேட்டுக் கம்பெனிக்கு எழுதியும் போட்டிருந்தார். வாட்ச்மேனிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவில்லை.

ஒன்றரை வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, மதியம் ஒன்றரை மணிக்கு மின்சாரம் போனது. லிப்ட்டுக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டு கத்தினாள். எந்த மாடி என்று காட்டும் விளக்கும் அணைந்துவிட்டது. வாட்ச்மேன் மேலிருந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே இறங்கினார். ஆறு, இல்லை. ஐந்து, இல்லை. நான்கு, இல்லை. மூன்று. இரண்டு. முதல் மாடிக்கு அடியில் பெட்டி நின்றது. அந்தப் பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டபோதுதான், மேலிருந்து ஏதோ விழுந்து பெட்டியின் கூரையில் மோதியது. நான்காவது மாடியில் இருந்த ரிட்டையர்டு தபால்காரர். மாத்திரை வாங்கக் கிளம்பியவர். ஜன்னல் இல்லாத நடையின் இருட்டில் கதவு பாதி திறந்திருந்ததைப் பார்த்து, லிப்ட் வந்து நிற்கிறது என்று காலை வைத்துவிட்டார்.

மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே கால். போலீஸ் வந்துவிட்டது. வாட்ச்மேன் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். முக்கோணச் சாவி இன்னும் அவர் கையில் இருந்தது.

"இந்தச் சாவி உனக்கு எப்படி வந்துச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வாட்ச்மேன் நிமிர்ந்தார். மூன்றடி தூரத்தில் கருவிப் பையோடு நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மெஷின் ரூம்ல கிடந்துச்சு சார்."

மெக்கானிக் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த பத்து நாளில் கடிதங்கள் பறந்தன. பராமரிப்பு சரியில்லை, பொறுப்பு கம்பெனி என்று குடியிருப்போர் சங்கம் எழுதியது. எங்கள் சாவிகள் எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கின்றன, திருட்டுச் சாவி போட்டது உங்கள் ஆள் என்று கம்பெனி திருப்பி எழுதியது. அவர் எங்கள் ஆளே இல்லை, தினக்கூலி என்று சங்கம் அடுத்த கடிதம் போட்டது. வாட்ச்மேனைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். படிக்கட்டு அறையைப் பதினைந்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அரசு லிப்ட் ஆய்வு அதிகாரியிடம் விசாரணை புதன்கிழமை என்று மூவருக்கும் தாள் வந்தது: சங்கத்துக்கு, கம்பெனி சார்பில் மெக்கானிக்குக்கு, வாட்ச்மேனுக்கு.

அதற்கு முந்தைய ஞாயிறு, மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

"வாங்கண்ணே," என்றாள் மனைவி. வாட்ச்மேன் கைக்குப் போகும் முன் அந்த இரண்டாவது சாவி ஒரு வாரம் அவள் வீட்டு வாசல் ஆணியில்தான் தொங்கியது, அவளுக்குத் தெரியும்.

"வேற எங்க போறது தங்கச்சி? அங்க இருந்தா நாலாவது மாடி வீட்டுக்காரங்க முகத்தைப் பாக்க வேண்டியிருக்கு."

ஆடினார்கள். மைத்துனன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். கோபுரத்தின் உச்சியில் அரக்கி ஒருத்தி இடியை எறிந்தாள். நடத்துகிறவர் என்ற முறையில் அவளுக்காக எறிந்தது மெக்கானிக். சூனியக்காரியின் கண்ணாடி திருப்பியது. அரக்கியிடமும் கண்ணாடி இருந்தது. முந்தைய மாதமே எழுதி வைத்தது, மறந்து போயிருந்தார். இடி மந்திரவாதியிடம் போனது. மூன்றாம் முறை.

மெக்கானிக் சட்டென்று சொன்னார்: "இடி அணைஞ்சு போச்சு. மழை வந்துடுச்சு."

"அதெப்படி மாமா?" என்றான் மைத்துனன். "மழைன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"அதெப்படி தம்பி அணையும்?" என்றார் வாட்ச்மேன், மெதுவாக. "ஏழாவது சட்டம் இருக்குல்ல."

இருபது முகப் பகடையை அவரே எடுத்தார். மேசை நடுவில், எல்லோரும் பார்க்க உருட்டினார். ஒன்று.

ஒன்றுக்குக் கீழே எண் கிடையாது. விளக்குக்காரன் செத்துப்போனான். ஏழு வருடம் வெளிச்சம் பிடித்தவன். வாட்ச்மேன் அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒரு சட்டம் மாத்தணும். எழுதும்மா. மூணாவது தடவை மந்திரம் கேடயம் இல்லாதவன்கிட்ட போக வேணாம். மொதல்ல யார் எறிஞ்சாங்களோ, அவங்ககிட்டயே போகட்டும். எறிஞ்சது யாருன்னு எறிஞ்சவங்களுக்குத் தெரியும்ல?"

மனைவி எழுதினாள். தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். "நல்ல சட்டம்ணே, இது அப்பவே இருந்திருந்தா உங்க கை மிஞ்சியிருக்கும்," என்று மைத்துனனும் போட்டான். வாட்ச்மேன் போட்டுவிட்டுப் பேனாவை மெக்கானிக் பக்கம் நீட்டினார்.

வாட்ச்மேன் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மெக்கானிக்குக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆட்டத்துக்கு நடுவுல சட்டம் மாத்த முடியாதுண்ணே," என்றார். "நாலாவது சட்டம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

வாட்ச்மேன் தலையாட்டினார். "ஆமா. அதுவும் சட்டம்தான்." பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே மனைவி கேட்டாள். "புதன்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"நான் சொன்னா லைசென்ஸ் போயிடும், கேஸ் என் மேலயும் வரும். அவரை விட்டுடுவாங்களா? கதவைத் திறந்தது அவருதானே. ரெண்டு பேரும் மாட்டிக்கிறதுல யாருக்கு என்ன லாபம்?"

"லாபம் கேக்கலங்க நான்," என்றாள். "ஊசி மாத்திப் போட்டா அன்னைக்கே வார்டுல சொல்லிடணும். சொன்னா வேலை போகும், சொல்லாட்டி ஆளு போகும். ரெண்டுல எது போகணும்னுதான் கேக்கறேன்."

குழாயை மூடிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை விசாரணை அலுவலகத்தின் நடையில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஓரத்தில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, பித்தானைக் கழுத்துவரை மாட்டி. மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வணக்கம் சார்."

"அண்ணே…"

"சாப்பிட்டீங்களா சார்?"

மெக்கானிக் தலையாட்டினார். அதற்குள் கம்பெனி வக்கீல் வந்து, டைப் அடித்த ஒரு தாளை அவர் கையில் திணித்தார். "இதுல இருக்கறதை மட்டும் சொல்லுங்க. கூட ஒரு வார்த்தை வேண்டாம்."

உள்ளே அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் முக்கோணச் சாவி. லேத்தில் கடைந்த வரிகள் இன்னும் தெரிந்தன. "இது உங்களோடதா?"

மெக்கானிக் பையிலிருந்து எண் அடித்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என்னோடது இது சார்."

"அப்ப இது?"

கதவு திறந்துதான் இருந்தது. பெஞ்சின் ஓரமும், ஒரு வெள்ளைச் சட்டைத் தோளும் தெரிந்தன. எட்டு வருடமாக ஞாயிறுதோறும், "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று மற்றவர்களைக் கேட்டே பழகியவர் அவர்.

"தெரியாது சார்," என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது வாட்ச்மேன் மறுபடி எழுந்து நின்று வழிவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

அந்த வாரமே அறையைக் காலி செய்து, அக்கா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வழக்கு ஒன்பது மாதம் நடந்தது. கவனக்குறைவால் உயிர்ச்சேதம், அனுமதியில்லாத சாவி, ஒரே ஒரு குற்றவாளி. ஒன்றரை வருடம் சிறை கொடுத்தார்கள்.

விசாரணைக்கு அடுத்த ஞாயிறு, மூன்று மணிக்குக் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனன் பகடைகளைக் கொட்டினான். மனைவி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, நோட்டைத் திறந்து மெக்கானிக் முன்னால் வைத்தாள். மாற்றிய ஏழாவது சட்டம். மூன்று கையெழுத்து, ஒரு காலி இடம்.

"பகடை உருள்றதுக்கு முன்னால மாத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப போடுங்க."

"இப்ப போட்டு என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது. அதனாலதான் இப்ப உங்களால போட முடியும். போடுங்க."

போட்டார். அவள் தேதி எழுதினாள், நோட்டை மூடினாள், தன் பகடைகளைப் பொறுக்கிச் சுருக்குப் பையில் போட்டாள். "நான் இனிமே ஆடல," என்றாள். அக்காவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்த மைத்துனன் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடினான்.

மெக்கானிக் அதே வேலையில்தான் இருக்கிறார். நான்காவது மாடிக்குப் புது ஸ்பிரிங் வந்து, அவரே மாட்டினார். மாதம் ஒருமுறை அந்தக் கதவைத் திறந்து, கையை எடுத்துவிட்டு நிற்கிறார். 'டக்' என்று கேட்கிறது. மறுபடி திறக்கிறார். நாலைந்து தடவை.

போன மாதம் புது வாட்ச்மேன் கேட்டான். "சார், கரண்ட் போய் ஆள் மாட்டிக்கிட்டா நான் எப்படித் திறக்கறது?"

"நீ திறக்கக் கூடாது. போன் பண்ணு, நான் வரேன்."

"ஞாயித்துக்கிழமைன்னா சார்? மத்தியானம் தூங்குவீங்களே."

"வரேன்," என்றார் மெக்கானிக். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குன்னாலும் வரேன். எனக்கு வேற வேலை இல்ல."